அருவிக்கு வாளியோடு வந்தவள்

அந்தத் துண்டு காய்ந்திருந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு இதில் என்ன அதிசயம் என்று தோன்றும். சாரல் காலத்தில் குற்றாலத்தை ஒட்டிய இலஞ்சியில் குடியிருப்பவர்களுக்குத்தான் தெரியும், அது நடக்கிற காரியமே இல்லை. ஆனி பிறந்து மலைக்காற்று இறங்கிவிட்டால் எங்கள் வீட்டில் எதுவும் காயாது. பாவாடை காயாது, தலையணை காயாது. தீப்பெட்டி நமுத்துப் போகும். உப்பு ஜாடியின் அடியில் தண்ணீர் நிற்கும். காலைப் பேப்பரைப் புரட்டினால் சத்தமே வராது.

மாடியில் தகரக் கூரையின் கீழே வரிசையாகக் கொடிகள். அவற்றில் சீசன் விருந்தாளிகளின் துண்டுகள் தண்ணீரைச் சுமந்துகொண்டு தொங்கும். பாசி வாசனை, நல்லெண்ணெய் வாசனை, யாரோ ஒரு குழந்தையின் பால் வாசனை. அத்தனை கனத்துக்கும் நடுவே ஒரு மஞ்சள் துண்டு, லேசாக, காற்றில் ஆடிக்கொண்டு. தொட்டுப் பார்த்தேன். பெட்டியிலிருந்து எடுத்த மடிப்பு அப்படியே இருந்தது.

போன வாரம் இந்தப் பத்தியை இலஞ்சிக் குளத்து நாரைகளோடு நிறுத்தியிருந்தேன். அவை இன்னும் ஒரு வாரம் ஒற்றைக் காலில் நிற்கட்டும். இந்த வாரம் என்னைப் போன வருஷத்து அந்தக் கொடி இழுக்கிறது.

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே வந்தேன். கூடத்தில் கோமதி உட்கார்ந்து, மதுரையிலிருந்து வந்திருந்த விருந்தாளிகளின் சின்னப் பெண்ணுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். கோமதி என் அக்கா மகள்; துண்டு அவளுடையது. அக்காவும் அத்தானும் ஆலங்குளத்தில் விதையும் உரமும் விற்கும் கடை வைத்திருக்கிறார்கள். ஒரே பிள்ளை. கோயம்புத்தூரில் விடுதியில் தங்கி எஞ்சினியரிங் படித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்குத் தண்ணி எப்படிட்டி?" என்றேன்.

"சூப்பரா விழுது சித்தி. ஆசை தீர நின்னுட்டு வந்தேன்."

தலைமுடியில் ஈரம் இருந்தது. ஆனால் அது அருவி முடி இல்லை. அருவி அடித்த முடி கயிறு மாதிரி முறுக்கி, சிக்கு விழுந்து, சீப்பைக் கண்டால் சண்டைக்கு வரும். இவள் முடி குழாயடியில் நனைந்த முடி. பணிவாக வகிடெடுத்து நின்றது.

என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். எந்த அருவியில் எவ்வளவு தண்ணீர் என்பதை எழுந்தவுடன் போனில் பார்த்துவிட்டுத்தான் பல் தேய்க்கிற மனிதர்.

"என்ன கோமு சொல்லுத? காலைலேருந்து எந்த அருவிலயும் குளிக்க விடலையே. மெயின் அருவில பாதுகாப்பு ஆர்ச்சுக்கு மேல தண்ணி போவுது. போலீஸ்காரங்க கயிறு கட்டிட்டாவளே."

சீப்பு நின்றது. பிறகு மறுபடி ஓடியது.

"ஓரமா நின்னு குளிச்சேன் சித்தப்பா."

"அப்படியா," என்று அவர் பேப்பருக்குத் திரும்பிவிட்டார். எனக்குத் திரும்ப இடமில்லை. தோளில் அந்தத் துண்டு இருந்தது.

கேட்கக் கூடாத கேள்வி

எங்கள் பக்கத்துச் சீசன் வீடுகளுக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வந்தவரிடம் எதற்கு வந்தீர்கள் என்று கேட்கக் கூடாது.

எப்போ வந்திய என்று கேட்கலாம். சாப்பிட்டியளா என்று கேட்கலாம். ஐந்தருவியா, பழைய குற்றாலமா என்று கேட்கலாம். எதுக்கு வந்திய என்று கேட்டுவிட்டால் தொலைந்தது. "ஏன்டா வந்தே என்று கேட்டுவிட்டாள்" என்று அந்தப் பேச்சு சங்கரன்கோவில் வரைக்கும் போய், கல்யாண வீடுகளில் சுற்றி, அடுத்த தலைமுறையிலும் நினைவுபடுத்தப்படும். ஆனி, ஆடி மாதத்தில் ஒருவர் பையோடு வாசலில் நின்றால் அவர் குளிக்க வந்தவர். அவ்வளவுதான்.

நான் பிறந்தது தென்காசியில், கோபுரக் காற்று சட்டையைப் பிடித்து இழுக்கிற தூரத்தில் ஒரு வீட்டில். அங்கே ஒரு வருஷம் தூரத்து மாமா ஒருவர் சீசனுக்கு வந்தார். நாள்தோறும் குளித்தார், கோபுர வாசலில் நின்று காற்று வாங்கினார், எங்களுக்கு நேந்திரங்காய் வறுவல் வாங்கித் தந்தார். ஆனி போனது, ஆடி போனது, ஆவணியும் போனது. அருவி நூலாகி, பாறை வெயிலில் காய்ந்தது. அவர் துண்டோடு போய்த் துண்டோடு வந்துகொண்டிருந்தார். வேலை போய்விட்டது என்ற விஷயம் புரட்டாசியில்தான் எங்களுக்குத் தெரிந்தது. அதுவரை அவர் சீசனுக்கு வந்தவர். யாரும் கேட்கவில்லை.

அது கருணையா, வசதியா என்று இத்தனை வயதாகியும் எனக்கு முடிவு தெரியவில்லை. கேள்வி கேட்காமல் இலை போடுகிற வீடு பெரிய வீடுதான். அதே வீட்டுக்குள் ஒருவர் சத்தமில்லாமல் மூழ்கவும் முடியும். இரண்டுக்கும் ஒரே வாசல்.

சிவப்பு வாளி

கோமதி வந்ததும் அப்படித்தான். வாரத்தின் நடுவில், காலையில், சாரலில் நனைந்துகொண்டு ஆட்டோவிலிருந்து இறங்கினாள். முதுகில் ஒரு பை, கையில் ஒரு பை, இன்னொரு கையில் சிவப்புப் பிளாஸ்டிக் வாளி. வாளிக்குள் கப்பு, சோப்பு டப்பா, சுருட்டிய போர்வை.

என் வீட்டுக்காரர் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். "ஏ கோமு, குத்தாலத்துக்கு வாளியோடயா வருவாவ? அருவியை அள்ளிக்கிட்டுப் போவப் போறியா?"

கூடத்தில் இருந்த மதுரைக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரித்தேன். கோமதியும் சிரித்தாள். எங்கள் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள்.

விடுதியில் இருக்கிற பிள்ளை லீவுக்கு வரும்போது வாளியைக் கொண்டுவராது. கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு வரும். வாளி வீட்டுக்கு வருகிறது என்றால் விடுதி முடிந்துவிட்டது என்று பொருள். பிள்ளைகளை வெளியூரில் படிக்க வைத்த எந்த வீட்டுக்கும் இது தெரியும். எங்களுக்கும் தெரியும். ஆனால் அது சீசன். அது குற்றாலம். வாளி எங்கள் கண்ணுக்கு ஒரு வேடிக்கையாகத்தான் பட்டது.

அன்றிலிருந்து தினமும் காலையில் மஞ்சள் துண்டோடு கிளம்பினாள். "குளிச்சிட்டு வாரேன் சித்தி." மத்தியானம் வருவாள். மற்ற நேரமெல்லாம் வீட்டில் அவள் ராஜ்ஜியம்தான். இருமுகிற கிழவருக்கு வெந்நீர், அழுகிற குழந்தைக்குக் கதை. அந்த மதுரைச் சிறுமி அருவியைப் பார்த்துப் பயந்து அழுதுவிட்டு, எல்லோரும் கேலி செய்ததில் கூனிக்குறுகி இருந்தது. கோமதி அதை மடியில் வைத்து, "பயந்தா என்ன? பெரிய தண்ணியப் பாத்தா பயப்படத்தான் செய்யணும். அறிவுள்ள பிள்ளைதான் பயப்படும்," என்று சொன்னதை அடுக்களையிலிருந்து கேட்டேன். என்ன பக்குவம் இந்தப் பெண்ணுக்கு என்று தோசையைத் திருப்பிப் போட்டேன்.

ஜன்னலோரச் சீட்டு

துண்டு காய்ந்திருந்த அன்று மத்தியானம் மதுரைக்காரர்கள் கோயிலுக்குப் போய்விட்டார்கள். துணி மடிக்க வா என்று அவளை மாடிக்குக் கூட்டிப்போனேன். மலை முழுக்க மேகத்துக்குள் இருந்தது. தகரத்தில் சாரல் விழுவது யாரோ அரிசி புடைப்பது மாதிரி கேட்டது.

"இது மட்டும் ஏன்ட்டி காஞ்சு கிடக்கு?"

அவள் துண்டை வாங்கி மறுபடி மடித்தாள். ஏற்கெனவே மடிந்திருந்ததை.

"கோமு, எதுக்கு வந்தே?"

கேட்டுவிட்டேன். எங்கள் ஊரில் நாக்கு கூசுகிற கேள்வி. அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. பஸ் வராத நிறுத்தத்தில் வெகுநேரம் நின்றவள், தூரத்தில் ஒரு வெளிச்சத்தைப் பார்த்த மாதிரி இருந்தது.

"நான் அருவிக்கே போகல சித்தி. பஸ்ல போவேன்."

"எந்த பஸ்ல?"

"செங்கோட்டை டவுன் பஸ். லேடீஸுக்கு டிக்கெட் கிடையாதுல்லா. ஜன்னலோரமா உக்காந்து போவேன், அதே பஸ்ல திரும்புவேன். பிறகு இன்னொண்ணு. நேத்து கண்டக்டர் அண்ணாச்சியே கேட்டாவ, என்னம்மா மறுபடியுமான்னு."

"தலை ஈரம்?"

"பஸ் ஸ்டாண்டு பைப்பு."

எங்கள் இருவருக்குமே சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பின் நடுவில்தான் அவள் அழ ஆரம்பித்தாள்.

சில பாடங்களில் அரியர் விழுந்திருக்கிறது. அதன் பிறகு வகுப்புக்குப் போகவில்லை. விடுதியில் போர்வைக்குள் கிடந்திருக்கிறாள். பிறகு ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் சாமானைக் கட்டிவிட்டாள்.

"அரியர் எல்லாருக்கும்தான் இருக்கு சித்தி. ஸ்டெல்லாக்கு என்னைவிடக் கூட. ஸ்டெல்லான்னு என் ரூம்மேட். ஒரு நாள் பூரா அழுதா, மறுநாள் பிரியாணி திங்கப் போயிட்டா. என்னாலதான் முடியல. உள்ள ஒருத்தி பேசிக்கிட்டே இருக்கா. கண்ணு முழிக்குமுன்ன ஆரம்பிச்சிருவா."

"என்ன சொல்லுதா?"

"மூதிம்பா. உனக்கு எதுக்கும் துப்பு கிடையாதும்பா. உங்கப்பா வெயில்ல மூட்டை இறக்குதாரு, நீ தின்னுட்டுத் தூங்குதியேம்பா." துண்டின் ஓரத்தைப் பிடுங்கிக்கொண்டே சொன்னாள். "காலைல முழிக்காமலே போயிட்டா நல்லாருக்கும்னு இருக்கு."

சொற்களோடு வாழ்கிறவள் என்று பெயர். கடைசியில் வந்தது மிகச் சாதாரணமான ஒன்று.

"சாகணும்னு தோணுதா கோமு?"

"தோணுது." சாரலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஏதாவது செஞ்சுக்கிடணும்னு நினைக்கல. ஆனா தோணுது."

திட்டும் சிரிப்பும்

இந்த இடத்தில் ஒரு சொல்லைப் பற்றி நான் நின்று பேசவேண்டும்.

மூதி. மூதேவியின் சுருக்கம்தான், ஆனால் எங்கள் சீமையில் அது வசை மட்டும் இல்லை. சோறு போடும்போது சொல்வோம், சடை பின்னும்போது சொல்வோம். பரிசு வாங்கி வந்தால், "ஏ மூதி, எங்கிட்ட சொல்லவே இல்லையே" என்று சொல்லித்தான் கட்டிக்கொள்வோம். என் அம்மா என்னை ஒரு நாளும் கண்ணே என்று கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தால் காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்திருப்பேன்.

ஆனால் அடுத்தவர் சொல்லும்போது அந்தச் சொல்லில் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். கண் சொல்லும், கை சொல்லும், தட்டில் விழுகிற இன்னொரு தோசை சொல்லும். அதே சொல்லை நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும்போது அதெல்லாம் உதிர்ந்துவிடுகிறது. கண்ணும் இல்லை, கையும் இல்லை, தோசையும் இல்லை. வெறும் சொல், நிர்வாணமாக, நாள் முழுக்க.

என் கல்லூரி நாட்களிலும் அப்படி ஒருத்தி எனக்குள் குடியிருந்தாள். இப்போதும் காலி செய்யவில்லை. வாடகைதான் பாக்கி. இந்தப் பத்தியை எழுதும்போதுகூட, இதெல்லாம் ஒரு எழுத்தா என்று கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தாள்.

கோமதியிடம் நான் இதையெல்லாம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகும்? "டாக்டரைப் பாப்பமா?" என்று மட்டும் கேட்டேன்.

"ஐயோ, அதெல்லாம் நெசமாவே கஷ்டப்படுதவங்களுக்கு சித்தி. எனக்கு என்ன கேடு? மூணு வேளையும் சோறு இருக்கு. திமிரு, அவ்வளவுதான்."

"அம்மாட்டயாவது சொல்லு."

"அம்மாட்ட சொன்னியன்னா நான் இங்கன இருக்க மாட்டேன்."

சொன்னால் கிளம்பிவிடுவாள். எங்கே போவாள் என்று தெரியாது. சொல்லாமல் இருந்தால், அந்த உள்ளே இருப்பவளோடு இவளைத் தனியாக விட்டதாகிவிடும். அந்த இரண்டுக்கும் நடுவில் நான் நின்றேன். கடைசியில் பேரம் பேசினேன், சந்தையில் பேசுகிற மாதிரி. திங்கட்கிழமை வரை நான் வாய் திறக்க மாட்டேன். அதற்குள் நீயே சொல்ல வேண்டும், இல்லையென்றால் நான் சொல்வேன். அதுவரை நீ என் கண் முன்னால். சித்தப்பாவிடம் மட்டும் சொல்வேன்.

"பஸ்ஸுக்குப் போவணும்னா?"

"நானும் வாரேன்."

போனேன். செங்கோட்டைக்கு, திரும்பி, மறுபடி செங்கோட்டைக்கு. அவள் ஜன்னலோரம், நான் பக்கத்தில். வயல், தோப்பு, மேகம், கேரளா போகிற லாரிகள். கண்டக்டர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அவரும் எங்கள் ஊர்க்காரர்தானே.

வாளியின் சொந்தக்காரி

சனிக்கிழமை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். குட்டையாக, கண்ணாடி போட்டு, தோளில் பை, கையில் ஓலைப்பெட்டி. மதுரைக்காரர்கள் போய் விருதுநகர்க்காரர்கள் வந்திருந்த நேரம். இவளும் அவர்கள் கூட்டம் என்று நினைத்து, "வாம்மா, சாப்பிட்டியா?" என்றேன்.

"சாப்பிடல. ஆனா அதுக்கு முன்னால கோமதியக் கூப்பிடுங்க. என் வாளியத் தூக்கிட்டு வந்துட்டா."

ஸ்டெல்லா. உடன்குடிக்காரி. ஓலைப்பெட்டியில் கருப்பட்டி. போன் எடுக்காத தோழியின் வீட்டுக்குப் போன் செய்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று யோசித்து, சித்தி வீடு இலஞ்சியில் என்று எப்போதோ கேட்டதை வைத்து, கோயில் தெருவில் விசாரித்து விசாரித்து வந்திருக்கிறாள்.

கோமதி உள்ளிருந்து வந்தாள். நின்றாள்.

"என்னட்டி பாக்க? வாளி எங்க?"

"அது என் வாளி."

"உன் வாளி நீலம். அது கட்டிலுக்கு அடியில பல்லி குடியிருக்கதுக்கு விட்டுட்டு வந்துட்டே."

மாடியிலிருந்து வாளியைக் கொண்டுவந்து கவிழ்த்தோம். அடியில் நகப்பூச்சால் பெரிதாக ஒரு எஸ் எழுதியிருந்தது. இத்தனை நாள் யாரும் கவிழ்த்துப் பார்க்கவில்லை.

"எந்த வாளின்னுகூடத் தெரியாம தூக்கிட்டு வந்திருக்கேன் பாரு. மூதி," என்றாள் கோமதி. தனக்குள் சொல்வதாக நினைத்து வெளியே சொல்லிவிட்டாள்.

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அந்தப் பெண்ணுக்கு எல்லாம் தெரியும் என்று எனக்குப் புரிந்தது.

ஆர்ச்சுக்குக் கீழே

ஞாயிற்றுக்கிழமை காலை தடை நீங்கியது. மெயின் அருவிக்கு மூன்று பேரும் போனோம். பெண்கள் பக்கத்தில் சரியான கூட்டம். நைட்டிகள், சுடிதார்கள், பாட்டும் அலறலும், பாறையில் வழுக்குகிற கால்கள். தண்ணீர் புகை மாதிரி எழுந்து முகத்தில் அறைந்தது.

ஸ்டெல்லா இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"எங்க ஊர்ல தண்ணி குடத்துல வரும், லாரில வரும். இப்படி மேலேருந்து ஆள அடிக்க வராது. நான் வரல."

கோமதி அவள் கையைப் பிடித்தாள். வந்த நாளிலிருந்து நான் கேட்டிராத ஒரு தெளிவு அவள் குரலில் வந்தது.

"பயப்படாதட்டி. முதல்ல கையை மட்டும் நீட்டு. பிறகு தோளைக் குடு. தலையை உடனே குடுக்காத, முதுகைக் காட்டு. மூச்சு முட்டுச்சுன்னா வெளிய வந்துரு. எத்தன தடவ வேணும்னாலும் வரலாம். இங்கன யாரும் பரிட்ச வைக்கல."

ஸ்டெல்லா போனாள், அலறிக்கொண்டு ஓடிவந்தாள். மறுபடி போனாள், மறுபடி ஓடிவந்தாள். "பரவால்லட்டி, போன தடவைக்கு இப்போ கூட நேரம் நின்னே," என்று கோமதி அவள் முதுகைத் தேய்த்துவிட்டாள். அப்புறம் யாரோ ஒரு குண்டுப் பெண்மணி இரண்டு கைகளாலும் ஸ்டெல்லாவை உள்ளே வாரிக்கொண்டார். அங்கே எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம். வெளியே வந்தபோது கண்ணாடி இல்லாத அவள் முகம் பச்சைப்பிள்ளை முகமாக இருந்தது. பல் தந்தி அடித்தது.

அப்படியே நடுங்கிக்கொண்டு கேட்டாள்: "ஏட்டி, நான் ரெண்டு தடவ பயந்து ஓடியாந்தேன்லா. என்னைய மூதின்னு சொல்லு."

"எதுக்கு?"

"சொல்லு. ஒரு தண்ணில நிக்கத் துப்பில்லாத மூதி, உங்கப்பா அங்க வெயில்ல கிடக்காருன்னு என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

கோமதி வாயைத் திறந்தாள். மூடினாள்.

"வரமாட்டேங்குது."

"எனக்குன்னா உனக்கு வரமாட்டேங்குது. அந்தப் பிள்ளைக்கு மட்டும் தினம் எப்படிட்டி வருது?"

"எந்தப் பிள்ளைக்கு?"

"கோமதின்னு ஒரு பிள்ளை. என் ரூம்மேட். என் வாளியக் களவாண்டுட்டு வந்தவ. அவளும் பயந்துதான ஓடியாந்திருக்கா."

அருவி சத்தத்தில் பாதி கேட்டது, பாதி உதடு பார்த்துப் புரிந்தது. கோமதி ஈரப் பாறையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் நின்ற ஒருவர், "ஏளா, குளிக்கியளா, இல்ல கதை பேசுதியளா? வழிய விடுங்க," என்று திட்டினார்.

பிறகு அவள் உள்ளே போனாள். கையை நீட்டினாள். தோளைக் கொடுத்தாள். முதுகைக் காட்டினாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். வெள்ளைத் தண்ணீருக்குள் அவள் சுடிதாரின் பச்சை நிறம் மட்டும் தெரிந்தது, மறைந்தது, தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் வெளியே வந்துவிட்டாள்.

"போதும் சித்தி. குளிருது."

போதும். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் தனக்காகச் சொன்ன முதல் சொல் அதுதான் என்று நினைக்கிறேன். அதில் மன்னிப்பு இல்லை, விளக்கம் இல்லை. குளிர்ந்தது, வந்துவிட்டாள்.

மிளகாய் பஜ்ஜிக் கடை வாசலில், தலையிலிருந்து தண்ணீர் இலையில் சொட்டச் சொட்ட, பாதி பஜ்ஜியோடு கேட்டாள்:

"அந்த டாக்டர் எங்கன இருக்காவ?"

சீசனுக்கு வரவில்லை

அருவியில் ஒரு தடவை நின்றால் மனசு கழுவிப்போய்விடும் என்று எழுதினால் அது பொய். அன்று சாயங்காலமே சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். ஸ்டெல்லா பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கேட்டாலும் கேட்காவிட்டாலும், விடுதி மெஸ்ஸில் யாருக்கு யாரோடு சண்டை என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆனால் திங்கட்கிழமை காலையில் எழுந்தாள். சிவப்பு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, தானாகவே ஆலங்குளத்துக்குப் போன் போட்டாள்.

"அம்மா, நான் சீசனுக்கு வரல."

அந்த ஒரு வரிதான். மறுமுனையில், கடையில் யாரோ விலை கேட்கிற சத்தம் எனக்குக்கூடக் கேட்டது. பிறகு அக்கா, "அங்கனயே இரு. வாரேன்," என்றாள்.

அக்கா வருமுன் தென்காசி அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோம். மனநலப் பிரிவு வாசலில் எங்களுக்கு முன்னால் ஒரு தேங்காய் வியாபாரி, ஒரு டீச்சர், இன்னும் இரண்டு கல்லூரிப் பிள்ளைகள். "இவ்வளவு பேரா?" என்று கோமதி என் காதில் கேட்டாள். அந்தக் கேள்வியில் ஒரு ஆசுவாசம் இருந்தது. டாக்டரம்மா ஜலதோஷத்தில் தும்மிக்கொண்டே, அவசரமில்லாமல் பேசினார். உள்ளே என்ன பேசினார்கள் என்பது அவர்கள் இரண்டு பேருக்கும் உரியது. வெளியே வந்து என்னிடம் மட்டும் ஒன்று சொன்னார்:

"சாகத் தோணுதான்னு நேரா கேட்டீங்களாமே, நல்லது. கேட்டா அந்த நினைப்பு வந்துருமோன்னு நிறையப் பேர் பயப்படுவாங்க. கேட்கறதால வராது. ஏற்கெனவே இருந்தா, அவங்க அதோட தனியா கிடக்க வேண்டாம்."

வீட்டுக்குத் திரும்பியபோது அக்கா வாசலில் நின்றிருந்தாள். கடைப் புடவையோடு, தோளில் உரத்தூள் ஒட்டியபடி, கையில் தூக்குச்சட்டி. மகளைப் பார்த்தாள். மேலிருந்து கீழ் வரை பார்த்தாள்.

"ஏ மூதி," என்றாள் அக்கா. "எங்கிட்ட சொல்லக் கூடாதா? பரிட்சையா முக்கியம்? நீ இருந்தாத்தான எனக்குக் கடை."

தூக்குச்சட்டி கீழே விழுந்து கூட்டாஞ்சோறு படியெல்லாம் சிந்தியது. கோமதி அம்மாவின் தோளில் முகத்தை வைத்து அழுதாள், பிறகு சோற்றைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சொல் அன்று முழுசாக வந்திருந்தது. கண் இருந்தது, கை இருந்தது, படியில் சோறுகூட இருந்தது.

இந்த வருஷத்துத் துண்டு

கோமதி சில மாதங்கள் ஆலங்குளத்தில் இருந்தாள். மாத்திரை சாப்பிட்டாள். தென்காசிக்கு வந்து டாக்டரம்மாவைப் பார்த்தாள். பிறகு கல்லூரிக்குத் திரும்பினாள். அங்கேயும் மாணவர்களோடு பேச ஒருவர் இருக்கிறார் என்பதே அப்போதுதான் தெரிந்ததாம். அரியரில் சிலது போனது, சிலது நிற்கிறது. உள்ளே இருப்பவள் இன்னும் பேசுகிறாள். "ஆனா இப்போ நான் பதில் சொல்லுதேன் சித்தி. ஸ்டெல்லாட்ட சொல்லுத மாதிரி சொல்லுவேன். முதல்ல கூச்சமா இருந்துது."

இதை எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்க. பேரை மட்டும் மாத்துங்க, எனக்குக் கோமதின்னு வச்சுக்கிடுங்க, நல்லாருக்கு," என்றாள். பின்னாலிருந்து இன்னொரு குரல்: "வாளி யாருதுன்னு தெளிவா எழுதச் சொல்லுட்டி!"

எங்கள் வீட்டின் சட்டத்தை நாங்கள் மாற்றிவிட்டோம். இப்போது பையோடு யார் வந்து நின்றாலும் என் வீட்டுக்காரர் சிரித்த முகத்தோடு, "எதுக்கு வந்திய?" என்றுதான் வரவேற்கிறார். விருதுநகர்க்காரர்கள் முகம் சுளித்தார்கள். ஒரு தூரத்து அத்தை திரும்பிப் போவதாகவே மிரட்டினார். ஒருவர் மட்டும் பையைக் கீழே வைத்துவிட்டு, "உண்மையச் சொல்லட்டுமா?" என்று உட்கார்ந்தார். அது வேறு கதை. அவருடையது.

இந்த ஆனியில் சாரல் முந்திக்கொண்டது. ஒரு மத்தியானம் கோமதியும் ஸ்டெல்லாவும் வந்து இறங்கினார்கள். வாளி இல்லை. ஆளுக்கொரு சின்னப் பை. நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

"எதுக்குட்டி வந்தே?"

"குளிக்கத்தான் சித்தி," என்றாள் கோமதி. "வழிய விடுங்க."

சாயங்காலம் திரும்பினாள். முடி கயிறாக முறுக்கி, சிக்கு விழுந்து, சீப்பு உடைந்தது. மஞ்சள் துண்டைக் கொடியில் போட்டாள். கொடி தொய்ந்தது. கீழே சிமெண்டுத் தரையில் சொட்டுச் சொட்டாக ஒரு சின்னக் குட்டை தேங்கியது.

மறுநாள் போய்த் தொட்டுப் பார்த்தேன். காயவில்லை.